நீல வெளிச்சம் எரிகிறது, தண்ணீர் சுத்தமா?

“லைற் எரியுதுதானே மிஸ், பிறகு எப்பிடி இது வந்தது?”

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வைத்தியசாலை விறாந்தையில் நின்று ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. உள்ளே கட்டிலில் அவருடைய ஐந்து வயதுப் பேரனுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் வயிற்றோட்டம். கண்கள் குழிவிழுந்து, நாக்கு வரண்டு, அழுதாலும் கண்ணீர் வராத நிலையில்தான் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. இரவு முச்சக்கர வண்டி எதுவும் கிடைக்கவில்லை. விடியப்புறம் அயல்வீட்டுத் தம்பியின் சைக்கிளில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும். ஏனென்றால், அந்த வீட்டுக் குசினிச் சுவரில் யூ.வி. எனப்படும் புற ஊதாக் கதிர்த் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியைப் பூட்டும்படி சொன்னவளும், தவணைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவளும் நானேதான்.

நான் வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய கிராமமொன்றில் சமூகப் பணியாளராகக் கடமை செய்கின்றேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். குழாயும் மின்சாரமும் நான் படித்த பாடங்களல்ல. ஆனால், கெட்ட தண்ணீர் என்ன செய்யும் என்பதை வாழ்ந்து அறிந்திருக்கின்றேன். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினாறு வயது. தண்ணீர் வரிசையில் கலனோடு காத்து நின்றதும், முகாமில் செங்கண்மாரி பரவியபோது என் தம்பியின் கண்கள் மஞ்சளானதும் இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் “கிருமியைக் கொல்லும் கருவி” என்று ஒருவர் சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நம்பிவிட்டேன்.

2020 ஜனவரியில் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்திற்கு விற்பனையாளர் ஒருவர் வந்தார். கருவியைப் பூட்டிக் காட்டி, அதிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் குடித்தார். பன்னிரண்டு மாதத் தவணை. ஆறு வீடுகள் எடுத்தன. ஆறும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். பூட்ட வந்த பையன் ஒவ்வொரு வீட்டிலும் “வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டானாம். இல்லை என்றதும் கருவியைப் பற்றி எதையும் விளங்கப்படுத்தாமல், சுவரில் பூட்டிவிட்டுப் போய்விட்டான். யாருக்கு விளங்கப்படுத்துவது என்று நினைத்தானோ தெரியாது.

நான் சொல்லும் அம்மா இடியப்பம் அவித்து விற்பவர். கணவரைப் போரில் இழந்தவர். மகள் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். பேரன் இவரோடு வளர்கின்றான். முன்பெல்லாம் இரவு அடுப்பு அணைவதற்கு முன் ஒரு பெரிய பானை தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடிவிட்டுத்தான் படுப்பார். கருவி வந்தபின் அதை விட்டுவிட்டார். விறகும் நேரமும் மிச்சம் என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னபோது நானும் மகிழ்ந்தேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றிலிருந்து ஒரு மாதிரியும், கருவியின் குழாயிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். இரண்டிலும் இ.கோலி, அதாவது மலத்தோடு சேர்ந்து வரும் பற்றீரியா இருந்தது. கருவியின் மூடியிலோ நீல வெளிச்சம் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

திறந்து பார்த்தபோது

நீர் வழங்கல் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரைக் கூட்டிவந்தேன். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பூட்டி, கருவியின் உருக்குக் குழாய்க்குள்ளிருந்து நீண்ட கண்ணாடிக் குழல் ஒன்றை உருவி எடுத்தார். அது கண்ணாடியாகவே தெரியவில்லை. முட்டைக் கோது போல வெள்ளை பிடித்திருந்தது.

“அரிக்கன் லாம்புச் சிமினி கரிபிடிச்சால் உள்ளுக்குத் திரி எரிஞ்சும் வெளியில வெளிச்சம் வராதெல்லோ பிள்ளை. இதுவும் அதுதான்” என்றார்.

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் இங்கு வாழ்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் அவரிடம் கேட்டும், பின்னர் தேடிப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

அந்த உருக்குக் குழாயின் நடுவில் கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய விளக்கு. தண்ணீர் குழலைச் சுற்றி ஓடும். விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர், 254 நனோமீற்றர் அலைநீளமுடையது, கிருமியின் மரபணுவைச் சிதைக்கின்றது. சிதைந்த கிருமியால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமியால் எங்கள் வயிற்றில் நோயை உண்டாக்கவும் முடியாது. அந்தக் கதிரோ எமது கண்ணுக்குத் தெரியாதது. நாம் காணும் நீலம் அதே விளக்கு உடன் தரும் சாதாரண வெளிச்சம் மட்டுமே. வெளிச்சம் இருக்கின்றதென்றால் விளக்குக்கு மின்சாரம் வருகின்றது என்பதுதான் பொருள். அந்தக் கதிர் தண்ணீரை அடைகின்றதா என்பதை அது சொல்லாது.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருப்பதை ஒவ்வொரு கேத்தலின் அடியிலும் காணலாம். விளக்கின் சூட்டில் அதே படிவு கண்ணாடிக் குழலிலும் படிகின்றது. தண்ணீர் ஓடாமல் நெடுநேரம் நிற்கும்போது சூடாகி இன்னும் கூடுதலாகப் படியும். முதலாவது பிழை அது.

இரண்டாவது, விளக்கின் வயது. இந்த விளக்குகள் பெரும்பாலும் 9,000 மணித்தியாலப் பாவனைக்கே கணிக்கப்பட்டவை. வருடமொன்றுக்கு 8,760 மணித்தியாலம். ஆகவே வருடத்திற்கு ஒருமுறை, நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும், மாற்றியே ஆகவேண்டும். வயது போகப்போக நீலம் அப்படியே இருக்கும், கொல்லும் கதிர் குறைந்துவிடும். அம்மா வீட்டு விளக்குக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. வருடமொருமுறை ஆள் வரும் என்று சொன்ன விற்பனையாளர் கொரோனா முடக்கத்தின்போது வரவில்லை. பிறகு தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மூன்றாவதை நாங்கள் யாரும் நினைத்தே பார்க்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மேலேயுள்ள தாங்கியிலிருந்து தண்ணீர் கருவி வழியாக வந்துகொண்டுதான் இருக்கும். விளக்கு அணைந்த கருவி வெறும் குழாய். அந்தத் தண்ணீரைத்தான் அவர் பானையில் பிடித்து வைத்திருக்கின்றார். மின்சாரம் நின்றால் தண்ணீரையும் நிறுத்திவிடும் வால்வு பூட்டிய கருவிகளும் உண்டு. எங்களுக்கு வந்தவற்றில் அது இல்லை.

அன்று பின்னேரம் அலுமாரிக்குப் பின்னால் பொலித்தீன் பைக்குள் இருந்த கையேட்டை அம்மா எடுத்துத் தந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கை எப்போது மாற்றுவது, குழலை எப்படித் துடைப்பது எல்லாமே நான்காம் பக்கத்தில் இருந்தன. அந்தக் கிராமத்தில் அதை வாசித்திருக்கக்கூடியவள் நான். இரண்டு வருடமாக வாரந்தோறும் அந்த வீட்டில் தேநீர் குடித்தவளும் நான்தான். பிள்ளை ஏழாம் நாள் வீடு திரும்பினான். அம்மா என்னைக் கோபித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பூட்டும்போது பார்க்க வேண்டியவை

வாங்க நினைக்கும் சகோதரிகள் முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் இந்தக் கருவி வேலை செய்யாது. மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். எனவே தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் 5 மைக்ரோன் வடிகட்டி ஒன்றினூடாக வரவேண்டும், கரி வடிகட்டி இருந்தால் அது அடுத்தது, யூ.வி. கடைசி. அதற்குப் பிறகு குடிநீர்க் குழாய் மட்டுமே. தண்ணீரில் இரும்பு அதிகமென்றால், அதாவது பிடித்து வைத்த வாளியில் செம்மஞ்சள் கறை விழுமென்றால், அதை நீக்காமல் யூ.வி. பூட்டுவது வீண்.

கருவியை நிமிர்த்திப் பூட்டும்போது தண்ணீர் கீழால் வந்து மேலால் போவதுபோலப் பூட்டினால் உள்ளே காற்று தங்காது. மேலே விளக்கை முழு நீளத்துக்கு உருவி எடுக்க இடம் விட வேண்டும். எங்கள் ஆறு வீடுகளில் இரண்டில் தட்டுக்கு நேர் கீழே பூட்டியிருந்தார்கள். விளக்கை வெளியே எடுக்கவே முடியாது. பூட்டிய நாளிலேயே யாரும் அதைத் திறக்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள் போலும்! இருபுறமும் தண்ணீரைப் பூட்டும் வால்வு வேண்டும். பிளக் பகுதி குழாய்க்குக் கீழே இருக்கக்கூடாது, தண்ணீர் சொட்டும். எர்த் இணைப்பும் றிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் இதைப் பூட்டவே வேண்டாம்.

நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று கருவியில் எழுதியிருக்கும். அதைவிட வேகமாகத் தண்ணீர் ஓடினால் கதிர் போதாது. சந்தேகமென்றால் ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள், வால்வைக் குறைத்து வையுங்கள்.

கரன்ட் பில்லுக்குப் பயந்து விளக்கை அடிக்கடி அணைத்து ஏற்றுபவர்களும் உண்டு. 11 வாற்று விளக்கு இரவும் பகலும் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 8 அலகு. அணைத்து அணைத்து ஏற்றினால் விளக்கின் ஆயுள் குறையும். அணைந்து மீண்டும் எரிந்தால் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்காமல் கழுவலுக்குப் பாவியுங்கள்.

குளோரினைப்போல யூ.வி. தண்ணீருக்குள் தங்கி நின்று காவல் காப்பதில்லை. குழாயை விட்டு வெளியே வந்த தண்ணீர் அழுக்குப் பாத்திரத்தில் விழுந்தால் மறுபடியும் அழுக்குத்தான். கை விட்டு அள்ளாத, மூடியும் சிறு குழாயும் உள்ள பாத்திரம் வேண்டும்.

நாங்களே திறக்கின்றோம்

அந்த ஏப்ரலுக்குப் பின் ஐயா எங்கள் சங்கத்தில் மூன்று பெண்களுக்குக் கருவியைக் கழற்றிப் பூட்டப் பழக்கினார். இடியப்ப அம்மாவும் அவர்களில் ஒருவர். நானும் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டேன்.

முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல இருக்குமே, அந்த வேதனைதான் வரும். தண்ணீரைப் பூட்டி, குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, விளக்கு ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். விளக்கை அதன் இரு நுனிகளில் மட்டுமே பிடிக்கலாம், அதுவும் சுத்தமான பருத்தித் துணியால். கைரேகை பட்ட இடத்தில் சூடேறிக் கறை பிடிக்கும். பிறகு கண்ணாடிக் குழலை மெதுவாக உருவி, வினாகிரியில் அல்லது தேசிக்காய்ப் புளியில் நனைத்த துணியால் சுற்றித் துடைக்க, வெள்ளை கரைந்து போகும். சாம்பலோ கம்பித் தும்போ ஆகாது, கண்ணாடி கீறும். நல்ல தண்ணீரில் கழுவி, றப்பர் வளையத்தைப் பார்த்து, பூட்டி, தண்ணீரை மெல்லத் திறந்து, ஒழுக்கு இல்லை என்று கண்டபின்தான் விளக்கை ஏற்றுவது. குழல் சாதாரணக் கண்ணாடியல்ல, குவாட்ஸ். உடைந்தால் யன்னல் கண்ணாடியில் வெட்டிப் பொருத்த முடியாது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைக் கடக்க விடாது.

எங்கள் தண்ணீருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கின்றது. இரண்டு வீடுகளில் மாதாமாதம். விளக்கு மாற்றிய திகதியைக் கருவியின் மேலேயே மாக்கர் பேனையால் எழுதி வைக்கின்றோம். கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் வடிகட்டிக் கூட்டுக்குள் சிறிது குளோரின் திரவம் விட்டு, குழாயில் அதன் மணம் வரும்வரை ஓடவிட்டு, அரை மணித்தியாலம் நிறுத்தி, பின் மணம் போகும்வரை திறந்து விடுகின்றோம். பழைய விளக்கினுள் இரசம் இருக்கின்றது. அதைக் குப்பையோடு எரிக்கவோ கிணற்றடியில் உடைக்கவோ கூடாது. சங்கக் காரியாலயத்தில் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கின்றோம்.

2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபின் விளக்கின் விலை எங்களைத் திகைக்க வைத்தது. இப்போது ஆறு வீடுகளும் மாதந்தோறும் சிறு தொகையைச் சங்கத்தில் கட்டி, விளக்குகளை ஒன்றாகக் கொள்வனவு செய்கின்றோம். கருவியின் விலையோடு வருடாந்த விளக்கின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபின், ஏழாவதாக எடுக்க இருந்த சகோதரி வேண்டாமென்று விட்டார். அவரது முடிவு சரியானதே. அவர் கொதிக்க வைக்கின்றார். நன்றாகக் குமிழிவிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

காசில்லாதவர்களுக்கும் மின்வெட்டு நாட்களுக்கும் வெயிலே ஒரு யூ.வி. விளக்குத்தான். 1980இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்ரிம் அக்ரா என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை எழுதினார்கள். லெபனானும் அப்போது உள்நாட்டுப் போருக்குள்தான் இருந்தது. வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைகளுக்கான உப்பு, சீனிக் கரைசலை வெயிலில் வைத்துக் கிருமி நீக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 1991 முதல் சுவிற்சர்லாந்தின் நீராய்வு நிறுவனமான ஈவாக் அதை விரிவாக ஆராய்ந்தது. செய்முறை எளிது. அடியில் முக்கோணத்துள் 1 என்று இலக்கமிட்ட, நிறமற்ற, கீறல் விழாத, இரண்டு லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் போத்தல். லேபலை உரித்து, கழுவி, தெளிந்த தண்ணீரை நிரப்பி, தகரத்தின் மேல் படுக்கவைத்து ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் விடவேண்டும். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு நாள். கார்த்திகை, மார்கழி அடைமழைக்கு இது உதவாது. மலசலகூடக் குழிகளின் ஊறல் கிணற்றை எட்டும் காலமும் அதுதான். அப்போது அடுப்புத்தான் கதி.

கடைசியாக ஒன்று. கருவியோ, கொதியோ, வெயிலோ, இவை கிருமிக்கு மட்டும். கரைந்திருக்கும் உப்பு, புளோரைட்டு, பூச்சிமருந்து, எண்ணெய் எதையும் அகற்றா. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கண்ட காலத்தில் யூ.வி. கருவி வாங்கலாமா என்று பலர் கேட்டார்களாம். அதற்கு இது மருந்தல்ல. எங்கள் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளையிலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றுக்குப் போகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. மிஞ்சினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடல் நீலம்பாரிக்கும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும்.

இந்த மழை முடிந்து நாங்கள் ஆறு வீட்டுக் கிணறுகளையும் மறுபடி பரிசோதித்தபோது, ஆறு வீட்டுக் கருவிக் குழாய்களிலும் இ.கோலி இல்லை. ஆனால் இடியப்ப அம்மாவின் அடுத்த வீட்டில் நைத்திரேற்று அளவை மீறியிருந்தது. அங்கே நான்கு மாதக் குழந்தை, தாய்க்குப் பால் போதாது, புட்டிப்பால். அந்தத் தங்கைக்கு நான் சொன்னது, கருவி எரிந்தாலும் குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதே. பிரதேச சபையின் பவுசர் வாரத்தில் இரண்டு நாள் வருகின்றது. அது வராத நாட்களில் அம்மா தன் சைக்கிளில் இரண்டு கலன் கட்டி, பொதுக் குழாயடிக்குப் போய்வருகின்றார்.